மானுக்கென்று நட்ட மரம்



மலையடிவாரத்தில் கடலைக்காடும் கம்பங்கொல்லையும் வைத்திருக்கிறவர்கள் இன்றைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வீர்கள். ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டுகிறோம். வரப்பைச் சுற்றிப் பழைய சேலையை வேலியாகக் கட்டுகிறோம். அப்படியும் விடிந்து பார்த்தால் பாதிக் கொல்லை மேய்ந்து கிடக்கிறது. நம்ம பாடு இப்படி இருக்க, மான் வரவேண்டும் என்றே மரம் நட்டு, கூண்டு கட்டி, தண்ணீர் விட்டு, ஐந்தாறு வருஷம் காத்துக் கிடக்கிற உழவர்களும் உலகத்தில் உண்டு என்றால், "அவனுக்கு என்னய்யா கேடு?" என்றுதானே கேட்கத் தோன்றும்?

அமெரிக்காவில் அப்படி நட்டார்கள், இன்றும் நடுகிறார்கள். அந்த மரத்துக்குக் கிராப் ஆப்பிள் என்று பெயர். காட்டு ஆப்பிள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஏன் நட்டார்கள், நட்டதில் என்னென்ன வம்பு வந்தது என்பது நீண்ட கதை. நம்ம சீமைக் கருவேல முள் மாதிரி ஒரு சங்கதியும் அதில் இருக்கிறது. ஆகவே சிரித்துக்கொண்டாவது கேளுங்கள்.

முதலில் மரத்தைத் தெரிந்துகொள்வோம். கடையில் வாங்குகிற ஆப்பிளுக்கு இது பங்காளி. பழம் இரண்டு அங்குலத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கும். சில ரகங்களில் பட்டாணி அளவுதான். வாயில் போட்டால் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து முகத்தைக் கோண வைத்துவிடும். ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பல ரகங்களில் பழம் சீக்கிரம் உதிராமல் குளிர்காலத்திலும் கிளையிலேயே தொங்கும். உறைபனி பட்டுப் பட்டுப் பழம் நெகிழ்ந்து, துவர்ப்பும் தணிந்துவிடும். அந்த நாட்டின் வடபகுதியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வயலெல்லாம் பனி மூடி, பச்சிலை ஒன்று கண்ணில் படாது. அந்த நேரத்தில் கிடைக்கிற தீனி இது. வெள்ளைவால் மான், நரி, முயல், கரடி, காட்டு வான்கோழி, இன்னும் எத்தனையோ பறவைகள் இதைத் தேடி வரும்.

வட அமெரிக்காவுக்குச் சொந்தமான காட்டு ஆப்பிள் இனங்கள் நான்கு. பசிபிக் கடலோரத்துப் பூர்வகுடிகள் அதில் ஒன்றைப் பெரிய சொத்தாகவே வைத்திருந்தார்கள். எந்தத் தோப்பு எந்தக் குடும்பத்துக்கு என்று பாத்தியதை உண்டு. பழத்தைப் பறித்து, மரப்பெட்டியில் தண்ணீருக்குள்ளோ மீன் எண்ணெய்க்குள்ளோ போட்டுக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். நாம் மாவடு போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வெள்ளைக்காரர்கள் குடியேறியபோது ஐரோப்பாவிலிருந்து பெரிய ஆப்பிளின் விதையையும் ஒட்டுக்குச்சியையும் கொண்டு வந்தார்கள். ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போல முளைக்காது. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மல்கோவாக் கொட்டையைப் போட்டால் மல்கோவா கிடைக்குமா? ஜான் சாப்மன் என்று ஒருவர், 1774இல் பிறந்து 1845இல் இறந்தவர், சாறு பிழியும் ஆலைகளில் கழித்த சக்கையிலிருந்து விதையைப் பொறுக்கிக்கொண்டு, பென்சில்வேனியா, ஓஹாயோ, இண்டியானா என்று ஊர் ஊராகப் போய் நாற்றங்கால் போட்டார். "ஆப்பிள்விதை ஜானி" என்று அங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த பெயர். ஒட்டுக்கட்டுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் அவர் கொடுத்த கன்றுகளில் பெரும்பாலும் புளிப்புப் பழம்தான் காய்த்தது. சாற்றைப் புளிக்கவைத்து, சைடர் என்கிற பானம் செய்ய அது போதும்.

இந்த மரங்கள் பிறகு என்ன ஆயின என்பதுதான் நம் கதைக்கு வேண்டியது. மேற்கே நல்ல நிலம் கிடைக்கிறது என்று தெரிந்ததும், கிழக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியின் கல்லாங்காட்டு உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். விட்ட நிலத்தில் காடு ஏறியது. இன்றைக்கும் அந்தக் காடுகளுக்குள் நடந்தால், நடுவில் கல்வேலி ஓடும். பக்கத்தில் கிழட்டு ஆப்பிள் மரம் ஒன்று காய்த்து நிற்கும். மனிதன் போன பிறகு மானும் கௌதாரி போன்ற காட்டுக்கோழிகளும் அந்த மரங்களுக்கு வாரிசாயின.

மான் என்றா சொன்னேன்? அந்தக் காலத்தில் அங்கே மானே இல்லாமல் போயிருந்தது. ரயில் பாதை வந்த பிறகு, மானிறைச்சியும் தோலும் வண்டி வண்டியாக நகரத்துச் சந்தைக்குப் போயின. கூலிக்குச் சுடுகிறவன் ஆணா பெண்ணா, சினையா என்று பார்ப்பானா? 1900 வாக்கில் நாடு முழுவதும் மிஞ்சிய வெள்ளைவால் மான்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம்தான் இருக்கும் என்று கணிக்கிறார்கள். ஆட்டு மேய்ச்சலுக்காகக் காட்டையெல்லாம் அழித்த வெர்மான்ட் மாநிலம், 1878இல் வெளியூரிலிருந்து 17 மான்களை வாங்கிவந்து விட வேண்டியதாயிற்று. பதினேழே பதினேழு! அவை பெருகட்டும் என்று 1897 வரைக்கும் வேட்டைக்குத் தடை போட்டு வைத்தார்கள்.

1900இல் லேசி சட்டம் வந்தது. சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவது குற்றமாயிற்று. சந்தை வேட்டை படுத்தது. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று இன்னொன்று. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி போட்டு, அந்தப் பணத்தை விலங்குகளுக்கு இடமும் தீனியும் உண்டாக்கும் வேலைக்கே மாநிலங்களுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே உழவர் மானுக்கு மரம் நடுவது முழுக்க முழுக்க ஜீவகாருண்யம் அல்ல. லைசென்ஸ் எடுத்து, பருவத்தில் மான் வேட்டையாடுவது அங்கே சட்டப்படி சரி. வேட்டைக்காரர்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பார்க்கிற உழவர்கள் உண்டு. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுடுவது சிறைக்குப் போகிற காரியம். ஆகவே அவர்கள் கணக்கை நம் கணக்கோடு சேர்க்கக் கூடாது.

மரம் நடுகிற வேலை பெரிய அளவில் கிளம்பியதற்குக் காரணம் மான் அல்ல, மண். 1930களில் நடுச் சமவெளியில் மழை பொய்த்து, புல்லை உழுது தள்ளிய நிலமெல்லாம் புழுதியாகிப் பறந்தது. 1935இல் மண் பாதுகாப்புத் துறை பிறந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சஸ் வரைக்கும் காற்றுத் தடுப்பு மரவரிசை நடுகிற திட்டத்தை அரசாங்கம் தொடங்கிவிட்டது. 1942க்குள் 22 கோடி மரம். வரிசையை நீட்டி வைத்தால் 18,600 மைல்! நடுவில் உயர்ந்த மரம், ஓரத்தில் காய்க்கிற சிறு மரமும் புதரும். காற்றைத் தடுக்க வைத்த வரிசையில் பறவையும் மானும் வந்து ஒண்டின. "அட, இதுவும் நல்லதாகத்தானே இருக்கிறது" என்று அதிகாரிகளுக்குப் புலப்பட்டது.

அதே காலத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ லியோபோல்ட் என்கிற பேராசிரியர், காட்டு விலங்கையும் ஒரு வெள்ளாமை போலத் திட்டமிட்டு வளர்க்கலாம் என்று 1933இல் புத்தகம் போட்டார். காடும் வயலும் சந்திக்கிற ஓரத்தில்தான் பிராணிகள் அதிகம் இருக்கும் என்பது அவர் அழுத்திச் சொன்ன சங்கதி. அடர்ந்த காட்டுக்குள் தீனி குறைவு. வெட்ட வெளியில் ஒளிய இடமில்லை. ஓரத்தில் இரண்டும் உண்டு. காட்டு ஆப்பிளும் வெயில் கேட்கிற மரம், ஓரத்தில்தான் நன்றாகக் காய்க்கும். இரண்டும் பொருந்திப் போயின.

மண் பாதுகாப்புத் துறை இதற்கென்றே ரகம் தேடியது. மஞ்சூரியாவில் சேகரித்த விதையின் வழி வந்த 'மிட்வெஸ்ட்' என்கிற ரகம் 1973இல் வடக்கு டகோட்டாவிலிருந்து வெளிவந்தது; கடுங்குளிர் தாங்கும். மிச்சிகனில் உள்ள ரோஸ் லேக் பண்ணை 1978இல் 'ரோஸ்லோ' என்று ஒன்றை வெளியிட்டது. ஜப்பானிலிருந்து 1892இல் சார்ஜென்ட் என்ற தாவர அறிஞர் கொண்டுவந்த குட்டை இனம் அது. கால் அங்குலப் பழம்தான். பறவை முழுசாக விழுங்க வசதி.

இவ்வளவும் கேட்டால் நல்லதாகத்தான் இருக்கிறது. வம்பைச் சொல்கிறேன்.

முதல் வம்பு பக்கத்து மரத்தால் வந்தது. ஆப்பிளுக்கும் காட்டு ஆப்பிளுக்கும் ஒரு துரு நோய் உண்டு. இந்தப் பூஞ்சாணம் ஒரு பருவத்தை ஆப்பிள் இலையில் கழிக்கும், மறு பருவத்தைச் செஞ்செடார் என்கிற மரத்தில் கழிக்கும். செடார் மரத்துக்குப் பெரிய சேதமில்லை, ஆப்பிள்தான் அடிவாங்கும். வர்ஜீனியா மாநிலத்து ஆப்பிள் தோட்டக்காரர்கள் போராடி 1914இல் சட்டமே கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு இரண்டு மைல் சுற்றில் நோய் சுமக்கிற செடார் இருந்தால், யார் நிலமானாலும் வெட்ட வேண்டும். மில்லர் என்பவர், "என் வீட்டு மரத்தை வெட்டிவிட்டு, வெட்டுக்கூலி மட்டும் கொடுத்தால் எப்படி? மரத்தின் விலை எங்கே?" என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1928இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஆப்பிள் மாநிலத்துக்குப் பெரிய வருமானம், இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் அரசு ஆப்பிளைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். மில்லர் பக்கத்து நியாயத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். குளிர்காலத்தில் பறவை ஒதுங்கச் செடாரைப் போல ஒரு மரம் அங்கே கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவேதான் இப்போது விலங்குக்கு நடுகிறவர்கள் துரு நோய் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குகிறார்கள். செடாரையும் வைத்துக்கொள்ளலாம், பழமும் கிடைக்கும்.

இரண்டாவது வம்புதான் நான் முன்னால் சொன்ன சீமைக் கருவேலக் கதை. காட்டு ஆப்பிளோடு கூடவே, ஜப்பானிய ரோஜா இனம் ஒன்றையும் 1930களிலிருந்து மண் பாதுகாப்புத் துறை தூக்கிப் பிடித்தது. மண் அரிப்பைத் தடுக்கும், மாடு தாண்டாத உயிர்வேலி ஆகும், முயலும் பறவையும் தங்கும் என்று ஒன்றுக்கு மூன்று நன்மை சொன்னார்கள். மாநில அரசுகள் கன்றை மலிவாகவும் சும்மாவும் கொடுத்தன. மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் 1940களிலிருந்து 60கள் வரை ஒரு கோடியே நாற்பது லட்சம் செடிகள் நட்டார்கள். பறவை பழத்தைத் தின்றது. எச்சம் போன இடமெல்லாம் ரோஜா முளைத்தது. மேய்ச்சல் நிலம் முள்ளுக்காடாயிற்று. நடச் சொன்ன மாநிலங்களிலேயே பிறகு அதைத் தொல்லைக் களை என்று அறிவித்து வெட்டச் சொன்னார்கள். கன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போன அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். முள்ளை வெட்டிக்கொண்டிருப்பவர் உழவர். சீமைக் கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுமா?

காட்டு ஆப்பிள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் ஆசியாவிலிருந்து வந்த சில இனங்கள் நட்ட இடத்தை விட்டு வெளியேயும் முளைக்கின்றன. வெளியூர் ஆப்பிளின் மகரந்தம் உள்நாட்டுக் காட்டு ஆப்பிளோடு கலக்கிறது என்றும் கனடாவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அந்தந்தப் பகுதியின் சொந்த இனத்தையே நடுவது நல்லது என்று இப்போது பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது வம்பு, மானே பெருகிவிட்டது. காப்பாற்றினோம், தீனி போட்டோம், ஓநாயும் மலைச்சிங்கமும் முன்பே ஒழிந்தன. பிறகு என்ன ஆகும்? விஸ்கான்சினில் 1940களிலேயே வடக்குக் காடுகளில் மான் பட்டினியால் செத்தது. லியோபோல்ட், "பெண்மானையும் சேர்த்துக் குறைக்காவிட்டால் காடும் போகும், மானும் போகும்" என்ற கட்சி. 1943இல் அந்த மாநிலத்தில் பெண்மானுக்கும் வேட்டை திறந்தார்கள். சுமார் 1,28,000 மான்கள் சுடப்பட்டன. மானைக் காப்பாற்றுவதற்கென்று அதுவரை பாடுபட்ட ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. பல வருஷம் அவரை வைதார்கள். இன்று நாடு முழுவதும் மூன்று கோடி மான் இருக்கலாம் என்கிறார்கள். மக்காச்சோளம், சோயா, குதிரைமசால், பழத்தோட்டம் எதுவும் தப்புவதில்லை. சாலையில் வண்டியும் மானும் மோதுவது வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் என்று காப்பீட்டுக் கம்பெனிகள் கணக்குச் சொல்கின்றன.

இங்கே ஒரு யோசனையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "காட்டோரத்தில் பழமரம் வைத்தால், மான் அதைத் தின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும், பயிருக்கு வராது" என்று நம்மிடையே சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்க அனுபவம் அதற்குச் சாதகமாக இல்லை. மானை வரவழைக்கவே அவர்கள் பழமரம் வைக்கிறார்கள். வந்த மான் பழத்தோடு நிற்பதில்லை. வயலை ஒட்டி வைத்தவர் வயலையும் சேர்த்து விருந்து வைத்தவரானார். பயிரையும் சாலையையும் விட்டுத் தள்ளி வை என்பதுதான் இப்போது அங்கே முதல் பாடம்.

அப்படியானால் மரம் எதற்கு, குளிர்காலத்தில் நாலு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டினால் போதாதா? கொட்டிப் பார்த்தார்கள். மானும் மாட்டைப் போல அசைபோடுகிற ஜாதி. குச்சியும் பட்டையும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று தானியம் விழுந்தால், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வயிறு முட்டத் தின்ற மாடு மாதிரி, இரைப்பை புளித்துச் சாகும். இன்னொரு பயங்கரமும் சேர்ந்துகொண்டது. கொலராடோவில் 1967இல் அடைப்பில் வளர்த்த மான்களிடம் முதலில் கண்ட மெலிவு நோய், 2002இல் விஸ்கான்சின் வரை வந்தது தெரிந்தது. மான் எலும்பும் தோலுமாகி, எச்சில் ஒழுக, தள்ளாடிச் சாகும். மருந்து கிடையாது. எச்சில், சாணம் வழியாகப் பரவும். மண்ணிலும் வருஷக்கணக்கில் தங்கும். ஒரே குவியலில் இருபது மான் மூக்கை வைத்தால் என்ன ஆகும்? ஆகவே பல மாநிலங்களில் தீனி கொட்டுவதைத் தடுத்தார்கள் அல்லது கட்டுப்படுத்தினார்கள். மரத்துப் பழம் கொஞ்சம் கொஞ்சமாக, பரவலாக விழும். மரத்தடியிலும் மான் கூடத்தானே செய்யும் என்று கேட்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், கேள்வி நியாயமானதே. குவியலுக்கு இது தேவலை என்பதுதான் பதில்.

நடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ரகத்தை வரிசையாக நடுவதில்லை. செப்டம்பரில் உதிர்கிறது ஒன்று, நவம்பரில் உதிர்கிறது ஒன்று, பிப்ரவரி வரை தொங்குகிறது ஒன்று என்று கலந்து வைக்கிறார்கள். ஒட்டுக்கன்று மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் காய்க்கும். விதைக்கன்றுக்கு இன்னும் பல வருஷம் ஆகும். பக்கத்தில் நல்ல ஆப்பிள் தோட்டம் இருந்தால் அதற்கும் லாபம் உண்டு. காட்டு ஆப்பிள் நிறையப் பூக்கும், நெடுநாள் பூக்கும். தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்து ஆப்பிளில் காய் பிடிக்க வைக்கும். இதற்காகவே தோட்டத்துக்குள் நடுகிறவர்களும் உண்டு. நம்ம சமவெளியில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். போதிய குளிர் இல்லாமல் மரம் சரிவரப் பூக்காது.

இனி, எனக்கே வேடிக்கையாகப் பட்ட ஒரு விஷயம். மானுக்காக நட்ட கன்றை முதலில் அழிப்பது மான்தான். கொழுந்தைக் கடிக்கும். இலையுதிர் காலத்தில் ஆண்மான் கொம்பைத் தீட்டுகிறேன் என்று இளம் தண்டில் உரசிப் பட்டையை உரித்துவிடும். தப்பியதைப் பனிக்கு அடியில் எலி கடிக்கும். முன்காலத்தில் வேலி இல்லாமலே ஆப்பிள் எப்படிப் பிழைத்தது என்று தோரோ என்கிற எழுத்தாளர் காட்டு ஆப்பிள்களைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருக்கிறார். 1862இல், அவர் இறந்த சில மாதங்களில், அது வெளிவந்தது. மாடு கடிக்கக் கடிக்கக் கன்று உயரமாகப் போகாமல் அகலமாகப் படர்ந்து, முள்ளும் சுள்ளியுமாகப் பந்து போல ஆகிவிடுமாம். பல வருஷம் கழித்து, மாட்டின் வாய் எட்டாத நடுமையத்திலிருந்து ஒரு குருத்து விர்ரென்று மேலே கிளம்புமாம். மரம் தனக்குத் தானே வேலி கட்டிக்கொள்கிறது!

அவ்வளவு காலம் காத்திருக்க இன்றைக்கு யாருக்கும் பொறுமை இல்லை. கன்றைச் சுற்றி நாலடி அகலம், ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு நிறுத்துகிறார்கள். எலிக்காகத் தூரைச் சுற்றி நெருக்கமான வலைத்துண்டு. பிளாஸ்டிக் குழாய்க்குள் கன்றை வளர்க்கும் முறையும் வந்திருக்கிறது. 1979இல் பிரிட்டனில் கிரஹாம் டூலி என்கிற வனத்துறைக்காரர் கண்டுபிடித்தது. குழாய்க்குள் சிட்டு விழுந்து ஏற முடியாமல் செத்துப்போவதைப் பார்த்து, பிறகு வாயில் வலைமூடி போட்டார்கள். கவை மானின் வாய்க்கு மேலே போய், தண்டும் உரசலைத் தாங்கும் அளவுக்குப் பருத்த பிறகுதான் கூண்டைக் கழற்றலாம். அதற்கு ஆறேழு வருஷம்கூட ஆகும். கழற்றிய கூண்டை அடுத்த கன்றுக்கு மாட்டிவிடுகிறார்கள்.